பழைய மோட்டார் வண்டிகளில் பெட்ரோல் குழாய்க் கசிவு

புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் தை, மாசி மாதங்களில் களம் வந்து சேரும் சமயத்தில், பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கிராமங்களில் கொட்டகைக்குள் பல நாள் அசையாது நின்ற பழைய மோட்டார் வண்டிகளும் வெளியே எடுக்கப்படுகின்றன. விற்பனைக் கூடத்துக்கும், தாலுகா ஆபீசுக்கும், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் போய்வர அவ்வண்டியே குடும்பத்துக்கு உதவி. அவ்வாறு எடுக்கும்பொழுது கொட்டகைக் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வீசுவதுண்டு. பழைய வண்டியாயின் வாடை இருக்கத்தானே செய்யும் என்று பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இது தவறான எண்ணம். ஓடி நின்ற வண்டியில், இஞ்சினின் சூட்டால் கார்புரேட்டருக்கு அருகில் சிறிது நேரம் இலேசான வாடை எழுவது இயல்பேயாம். மறுநாட் காலையிலும் அவ்வாடை இருக்குமாயின் அது இயல்பன்று. எங்கோ ஓரிடத்தில் பெட்ரோல் வெளியேறுகின்றது என்பதே அதன் பொருள்.

இவ்விரு ஜில்லாக்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்ரோல் வண்டிகளுள் பெரும்பாலானவை மாருதி 800, அம்பாசிடர், சிற்சில இடங்களில் பத்மினி ஆகியவை. முதலிரண்டும் 2014ஆம் வருஷத்தோடு தயாரிப்பு நிறுத்தப்பட்டவை. பத்மினி அதற்கும் பல ஆண்டுகள் முன்னரே நின்றுபோயிற்று. ஆகவே இவற்றில் இளைய வண்டியும் பத்து வயதைத் தாண்டியதே. வண்டியின் இரும்பு முப்பது, நாற்பது வருஷம் உழைக்கும். அதனுள் பெட்ரோல் ஓடும் ரப்பர்க் குழாய்க்கு அவ்வளவு ஆயுள் இல்லை. வர்ணம் பூசவும், இருக்கைக்கு உறை தைக்கவும் தாராளமாகச் செலவிடுவோர், வண்டி வாங்கிய நாள் முதல் ஒரு தடவையேனும் இந்தக் குழாயை மாற்றியிரார்.

சமீப காலத்தில் இக்குழாய்களுக்கு மற்றொரு சோதனையும் ஏற்பட்டுள்ளது. அதன் காரணம் பெரம்பலூர் ஜில்லா விவசாயிகளுக்கு அந்நியமானதன்று.

பெட்ரோலுடன் எத்தனால் என்னும் சாராயச் சத்தைக் கலந்து விற்கும் திட்டம் 2003ஆம் வருஷத்தில் இந்தியாவின் சில மாகாணங்களில் 5 சதவிகித அளவில் தொடங்கப்பெற்றது. 2022இல் இக்கலப்பு 10 சதவிகிதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவிகிதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. தொடக்கத்தில் கரும்பின் கழிவுப்பாகிலிருந்தே பெரும்பாலும் எத்தனால் வடிக்கப்பட்டது. 2023-24 முதல் மக்காச்சோளம் அதன் முக்கியமான மூலப்பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் ஜில்லாக்களுள் பெரம்பலூர் முன்னணியிலுள்ளது. இங்கு விளையும் தானியத்தில் பெரும்பகுதி நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்வதாயினும், எத்தனால் ஆலைகளின் கொள்முதல் நாட்டிலே தானியத்தின் கிராக்கியைப் பெருக்கியது. ஆகவே இத்திட்டத்தால் களத்தில் இலாபம் காண்பவரே, அதே திட்டத்தால் கொட்டகையில் நிற்கும் வண்டியின் குழாயைக் கவனிக்க வேண்டியவராகின்றார்.

20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் ஏற்பதற்குரிய பாகங்களுடன் வண்டிகள் பொதுவாகச் செய்யப்படத் தொடங்கியது 2023 ஏப்ரல் முதலே. அதற்கு மிக முற்பட்ட வண்டிகளில் வைத்த ரப்பரும், தக்கையாலான வாஷர்களும் தனிப் பெட்ரோலை உத்தேசித்துச் செய்யப்பட்டவை. எத்தனால் பட்டால் அத்தகைய ரப்பர் முதலில் ஊறிப் பெருக்கும், வண்டி பல நாள் நின்று குழாய் உலரும்பொழுது சுருங்கி இறுகும், மீண்டும் ஊறும். இவ்விதம் பலமுறை நிகழ்வதால், மழையும் வெயிலும் மாறிமாறிப் பட்ட கரிசல் மண்ணைப் போல ரப்பரில் வெடிப்புகள் தோன்றுகின்றன. நாள்தோறும் ஓடும் வண்டியைக் காட்டிலும், அறுவடைக்கு அறுவடை எடுக்கப்படும் வண்டியில் கசிவு விரைவில் காண்பதற்கு இதுவே காரணம். அன்றியும், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையது. அந்த ஈரம் தொட்டியின் அடியில் தங்கி இரும்பைத் துருவேற்றுகின்றது. பல வருஷங்களாகத் தொட்டியின் உட்புறத்தில் படிந்திருந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து பில்டரில் அடைக்கின்றது.

பெட்ரோல் செல்லும் வழி

கசிவைத் தேடுவதற்கு முன்னர், பெட்ரோல் எவ்வழியே செல்கின்றது என்பதை அறிதல் வேண்டும். வாய்க்காலில் உடைப்பு எங்கே என்று தேடுவோன், மதகு எது, மடை எது என்று அறியாமல் தேடினால் பயனில்லையன்றோ?

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் தொட்டி பின்புறத்தில் உள்ளது. அதிலிருந்து ஓர் இரும்புக் குழாய் வண்டியின் அடித்தளத்தை ஒட்டி முன்னே வருகின்றது. வண்டியின் உடல் அசைவற்றது. இஞ்சினோ ரப்பர்ப் பிடிகளின் மேல் ஆடிக்கொண்டிருப்பது. இரண்டையும் இரும்பால் இணைத்தால் அது முறிந்துவிடும். ஆதலின் அவ்விடத்தில் ஒரு சாண் நீளமுள்ள ரப்பர்க் குழாய் வைக்கப்பட்டுள்ளது. அது பெட்ரோல் பம்பில் வந்து சேரும். இஞ்சின் சுழலும்பொழுது ஒரு நெம்புகோல் பம்பினுள் இருக்கும் டயாபிரம் என்னும் மெல்லிய தோலை மேலும் கீழும் இழுக்க, தோல் இழுபடும்போது தொட்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு, தளரும்போது கார்புரேட்டருக்குத் தள்ளப்படுகின்றது. பம்பிலிருந்து கார்புரேட்டர் வரையிலும் மற்றொரு ரப்பர்க் குழாய் உண்டு. வடிகட்டும் பில்டர் சில வண்டிகளில் பம்புக்கு முன்பும் சிலவற்றில் பின்பும் அமைந்திருக்கும். மாருதி போன்ற வண்டிகளில் மிஞ்சிய பெட்ரோல் தொட்டிக்குத் திரும்புவதற்கும், ஆவி செல்வதற்கும் தனித்தனிக் குழாய்கள் இருக்கும். இவற்றையும் மறத்தலாகாது.

இதில் நினைவிற் கொள்ளவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பம்பு இவ்வழியை இரண்டாகப் பிரிக்கின்றது. தொட்டியிலிருந்து பம்பு வரையிலுள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் வெடிப்பிருந்தால் இஞ்சின் ஓடும்பொழுது பெட்ரோல் வெளியே சொட்டும், கண்ணுக்குப் புலனாகும். உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பிருந்தாலோ பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். ஒரு சொட்டும் தரையில் விழாது. காலையில் வண்டி எளிதில் கிளம்பாது. பச்சைமலை அடிவாரத்தைப் போன்ற ஏற்றங்களில் இழுக்கமாட்டாது திணறும். சமதரையில் சரியாக ஓடும். இவ்வகைக் கசிவையே பலர் பிளக்கின் குற்றமென்றும், பாட்டரியின் குற்றமென்றும் எண்ணி, தேவையற்ற சாமான்களை மாற்றிப் பணத்தை வீணாக்குகின்றனர். கிணற்றுப் பம்புசெட்டின் உறிஞ்சு குழாயில் சிறு துளை விழுந்தால் நீர் ஏறாமற் போவதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கசிவைக் கண்டறிதல்

மைலேஜ் குறைந்தது கொண்டு கசிவென்று முடிவு செய்துவிடலாகாது. கலப்பில்லாப் பெட்ரோலுக்கென அமைக்கப்பெற்ற நாலு சக்கர வண்டிகளில் 20 சதவிகித எத்தனால் கலப்பினால் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையக்கூடும் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய வண்டி 14 ஓடினால் அதற்கு எத்தனாலே காரணமாகலாம். 11, 12 என்று இறங்கினால் குழாய்களைப் பார்க்க வேண்டியதே.

தேடுதலைப் பகல் வெளிச்சத்தில், கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்தல் வேண்டும். வண்டியைத் தள்ளியே வெளியே கொணர்க. வாடை வீசும் கொட்டகைக்குள் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்வதைப் போன்ற பிழை வேறில்லை. சுவிட்சில் எழும் ஒரு சிறு பொறி போதும். முந்திய இரவில் வண்டியின் கீழே வெள்ளைக் காகிதம் அல்லது அட்டை விரித்துவைத்தால், சொட்டு விழுந்த இடம் காலையில் தெரியும். பெட்ரோல் உலர்ந்துவிடுமாயினும் கறையும் வட்டமும் எஞ்சும். குழாயின் மேற்புறத்தில் மற்ற இடமெல்லாம் தூசி படிந்திருக்க, ஓரிடம் மட்டும் கழுவியது போல இருந்தால் அதுவும் ஓர் அடையாளம். அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் செல்லும் ரஸ்தாக்களில் ஓடும் வண்டிகளில் வெண்தூசி தடித்துப் படிவதால், இவ்வடையாளம் மிகத் தெளிவாகத் தெரியும். தூசி இல்லாத வண்டியில் இணைப்புகளைத் துணியால் நன்கு துடைத்து, உலர்ந்த சுண்ணாம்புப் பொடியை மெல்லத் தூவினால், கசியும் இடத்தில் பொடி நனைந்து நிறம் மாறும்.

ஈரம் காணப்படும் இடமே கசியும் இடம் என்று கொள்ளலாகாது. பெட்ரோல் குழாயின் வழியே ஓடித் தாழ்ந்த இடத்தில் சொட்டுவது வழக்கம். கீழிருந்து மேலாகத் துடைத்துக்கொண்டே சென்று, எல்லாவற்றினும் உயர்ந்த ஈரம் எங்குள்ளதோ அவ்விடத்தைப் பார்க்க வேண்டும்.

ரப்பர்க் குழாயைக் கையால் வளைத்துப் பார்த்தல் அவசியம். நேராக நிற்கும்போது தெரியாத வெடிப்பு வளைக்கையில் வாய் திறக்கும். கல்லைப் போல் இறுகியிருந்தாலும், ஊறிய தோலைப் போல் கொழகொழத்திருந்தாலும் இரண்டும் மாற்ற வேண்டியவையே. இங்கே எலியின் உபத்திரவத்தையும் சொல்லவேண்டும். கதிர்களையும் மூட்டைகளையும் வண்டிக் கொட்டகையிலேயே அடுக்குவது இப்பக்கத்தில் பலரிடமுள்ள வழக்கம். தானியத்துக்கு வந்த எலி, குளிர் இரவில் இஞ்சினின் சூட்டை நாடி அங்கே ஏறி ரப்பர்க் குழாயைக் கறுக்குகின்றது. முதல்நாள் மாலை நன்றாக ஓடிய வண்டி மறுநாட் காலை பெட்ரோலைக் கொட்டுமாயின், அது எலியின் வேலையாகவே பெரும்பாலும் இருக்கும்.

உறிஞ்சும் பக்கத்துக் கசிவு கண்ணுக்குத் தெரியாதாகையால் அதற்கு வேறு உபாயம் உண்டு. இஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது, பம்பில் வந்து சேரும் பழைய குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, அவ்விடத்தில் புதிய ரப்பர்க் குழாய் ஒன்றைச் செருகி, மறு முனையைச் சிறிது பெட்ரோல் உள்ள உலோகப் பாத்திரத்தில், சூடான பாகங்களுக்கு எட்டாதபடி வைத்து, இஞ்சினை ஓடவிடுதல் வேண்டும். இப்பொழுது குறையின்றி ஓடினால், குற்றம் பம்புக்கும் தொட்டிக்கும் இடையிலே உள்ளது என்பது நிச்சயம். இச்சோதனையைப் பழகிய மெக்கானிக் செய்வதே நன்று. அதற்கு முன்னர் தொட்டியின் மூடியைத் தளர்த்தியும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம். மூடியிலுள்ள காற்றுத் துவாரத்தைத் தூசியோ குளவியின் மண் கூடோ அடைத்துவிட்டால், தொட்டியிலிருந்து பெட்ரோல் வர இயலாமல், கசிவுக்குரிய குறிகளே தோன்றும். மூடியைத் தளர்த்தியதும் வண்டி ஒழுங்காக ஓடினால் ஒரு குண்டூசியோடு வேலை முடிந்தது.

சித்திரை வெயிலில், நின்று நின்று ஓடும் வண்டி திடீரென அணைந்து, பம்பின்மேல் ஈரத்துணி போட்டபின் கிளம்பினால் அது கசிவன்று. குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியை மறித்ததேயாம்.

பம்பின் அடிப்பாகத்திலுள்ள சிறு துவாரத்திலிருந்து பெட்ரோல் சொட்டினால் டயாபிரம் கிழிந்துவிட்டது என்று அறிக. இது மற்றக் கசிவுகளைக் காட்டிலும் கொடியது. ஏனெனில் கிழிந்த தோலின் வழியே பெட்ரோல் இஞ்சினுக்குள்ளும் இறங்கி மசகெண்ணெயுடன் கலக்கலாம். எண்ணெய் அளவுகோலை உருவி மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை தெரியும். எண்ணெயின் அளவு குறைவதற்கு மாறாகக் கூடியும் இருக்கும். எண்ணெய் ஏறியிருக்கிறதே என்று மகிழ்ந்து வண்டியை ஓட்டினால் இஞ்சினின் பேரிங்குகள் தேய்ந்துபோம். பம்பையும் மாற்றி, எண்ணெயையும் முழுவதும் வடித்துப் புதியது ஊற்றவேண்டும். கார்புரேட்டர் விளிம்பில் வழிந்தால் குற்றம் குழாயில் இல்லை. மிதவையின் ஊசியில் அழுக்கு சிக்கியுள்ளது.

அபாயத்தின் அளவு

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் சுமார் 180 லிட்டர் ஆவியாகும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவே கலந்தாலும் அந்த ஆவி தீப்பற்றும். கணக்கிட்டால், நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், உயரம் 2 மீட்டர் உள்ள ஓர் அறை முழுவதையும் எரியத்தக்கதாக்க ஒரு லிட்டர் போதுமானது. அவ்வாவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானதாகையால் புகையைப் போல மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கின் வழியே பக்கத்து அடுப்படிக்கும் செல்லும். ஆகவே, வண்டிக்கு அருகில் நெருப்பில்லை என்பது ஆறுதலாகாது. தொட்டியின் அடியிலுள்ள குழாயில் வெடிப்பிருந்து வினாடிக்கு ஒரு சொட்டு விழுமாயின், சொட்டுகள் எவ்வளவு சிறியனவாயினும் ஓர் இரவில் அரை லிட்டருக்கு மேல் போய்விடும். அதே கொட்டகையில் பருத்தி மூட்டையும் சோளத்தட்டையும் இருக்குமாயின் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. வண்டி நிற்கும் இடத்தில் விளைபொருளையும் தீவனத்தையும் வைக்காதிருத்தலே உத்தமம். இதனைக் கிராம அதிகாரிகளும் தத்தம் கிராமங்களில் எடுத்துச் சொல்லலாம்.

தீப்பற்றினால் நீர் ஊற்றுதல் கூடாது. பெட்ரோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். உலர்ந்த மணலையோ, ஏபிசி என்று குறித்த உலர்பொடித் தீயணைப்பானையோ பயன்படுத்துக. வேலை செய்யும் இடத்தில் ஒரு வாளி மணல் முன்னதாகவே இருத்தல் வேண்டும். தீ பெரிதாயின் எட்ட விலகி, 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி சொல்லுக.

சரிசெய்யும் முறை

இஞ்சின் முற்றிலும் குளிர்ந்தபின் வேலையைத் தொடங்குக. முதலில் பாட்டரியிலிருந்து வண்டியின் உடலோடு சேரும் பூமிக் கம்பியைக் கழற்றிவிடவேண்டும். பீடி, சுருட்டு, அரிக்கேன் விளக்கு, வெறும் பல்பு தொங்கும் கம்பி ஆகியவை அருகில் வரலாகாது. வடியும் பெட்ரோலைப் பிளாஸ்டிக் பேசினில் பிடிக்காமல் உலோகப் பாத்திரத்தில் பிடித்து உடனே மூடிவைக்க வேண்டும்.

தொட்டியிலிருந்து பெட்ரோலை வடிக்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் கிராமங்களில் மிகுதி. அது மிகவும் கெட்ட பழக்கம். ஒரு மிடறு புரையேறி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அவ்வாறு நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாந்தியின்போது பெட்ரோல் இரண்டாம் முறையும் மூச்சுக்குழாய்க்குள் போகும். விலை மலிந்த கைப்பம்பு ஒன்று கடையில் கிடைக்கிறது.

புதிய ரப்பர்க் குழாய் வாங்குவதில் கவனம் தேவை. உதிரிபாகக் கடையில் பெட்ரோல் ஓஸ் என்று கேட்டால் பலவகைகளைக் காட்டுவர். குழாயின் மேலே எஸ்.ஏ.இ. ஜே30 என்ற தரக்குறியும் அதன்பின் ஆர்7, ஆர்9 என்ற எழுத்துகளும் அச்சிட்டிருக்கும். ஆர்7 கார்புரேட்டர் வண்டியின் குறைந்த அழுத்தத்துக்குப் போதுமானதேயாயினும், எத்தனாலைத் தாங்குவதில் ஆர்9 மேலானது. அதன் உட்பக்கத்தில் வேறுவகை ரப்பர் பூசப்பட்டுள்ளது. ஒரு வண்டிக்கு வேண்டிய துண்டுகள் யாவும் சேர்ந்தாலும் ஒன்றிரண்டு மீட்டருக்குள் அடங்கும். பெரும்பாலும் ஒரு மூட்டை மக்காச்சோளத்தின் விலைக்கு மிகாது. இதில் சிக்கனம் பார்ப்பது புத்தியன்று. எழுத்தில்லாத குழாயை, எவ்வளவு தடிப்பாயிருந்தாலும் வாங்க வேண்டாம். பழைய குழாயின் ஒரு துண்டைக் கையோடு கொண்டுசென்று உள்விட்டத்தை ஒப்பிடுக. 6 மில்லிமீட்டர் குழாய்க்கும் 8 மில்லிமீட்டர் குழாய்க்கும் உள்ள பேதம் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

வெடித்த துண்டை மட்டும் மாற்றினால் போதாது. எல்லாத் துண்டுகளும் ஒரே வயதினவாகையால், இன்று ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்க நெடுநாள் ஆகாது. திரும்பும் குழாய், ஆவிக் குழாய் உட்பட யாவற்றையும் ஒருங்கே மாற்றுவதே முறை. பில்டரையும் அதே வேளையில் மாற்றி, அதன்மேலுள்ள அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கியிருக்கும்படி வைக்கவேண்டும்.

இறுகிப் பிடித்த பழைய குழாயை இழுத்துப் பிடுங்கினால் பம்பின் மூக்கு முறியும். கூரிய கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுக்க. மூக்கில் கீறல் விழாதபடி பார்த்துக்கொள்க. மூக்கிலுள்ள துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து நீக்குக. புதிய குழாய் மூக்கின்மேல் சுமார் 25 மில்லிமீட்டராவது ஏறவேண்டும். கிளாம்பு, மூக்கின் முகட்டைத் தாண்டி உட்பக்கமாக அமைய வேண்டும். முகட்டின் மேலேயே அமைந்தால் நாளடைவில் நழுவிவிடும். பல் வெட்டிய பட்டைக் கிளாம்புகள் ரப்பரை அறுக்கும். விளிம்பு மடித்த, உட்புறம் வழவழப்பான கிளாம்பு நல்லது. ரப்பர் பிதுங்கும்வரை முறுக்குதல் அநாவசியம். கிளாம்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியைச் சுற்றுவதும் சரியன்று. குழாய் சைலன்சருக்கு அருகில் செல்லாமலும், கூரிய தகட்டில் உராயாமலும் இருக்கும்படி பிடிகளில் பொருத்துக.

இரும்புக் குழாயின் விஷயம் வேறு. மழைக்காலத்தில் கரிசல் சேறு வண்டியின் அடியில் அப்பிக்கொண்டு, குழாயைத் தாங்கும் பிடிகளுக்குள் தங்கி, வாரக்கணக்காக ஈரம் காக்கின்றது. துரு பிடிகளின் உட்புறத்திலேதான் முதலில் தோன்றும். வெளியே குழாய் நன்றாகவே இருக்கும். ஆகையால் பிடிகளைக் கழற்றிப் பார்க்காமல் நல்ல குழாய் என்று சொல்லலாகாது. சுரண்டினால் தகடு தகடாக உதிருமாயின் முழுக் குழாயையும் மாற்றவேண்டும். நடுவே அறுத்து ரப்பரைச் செருகி ஒட்டுப்போடுவது ஊர் சேரும் வரைக்கும் உதவலாமேயன்றி நிரந்தரமாகாது. வளைப்பதற்கு எளிது என்று செம்புக் குழாய் போடுவோர் உண்டு. செம்பு அதிர்ச்சியால் இறுகிக் கீறல் விடும். அதே அளவுள்ள எஃகுக் குழாயே தகுதியானது. மழைக்காலம் முடிந்ததும் அடியிலுள்ள சேற்றைக் கழுவி உலர்த்தினாலே இக்குழாயின் ஆயுள் பலவருஷம் நீளும்.

தொட்டியில் துளை விழுந்தால் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் காலியாயிற்று, இனிப் பயமில்லை என்று எண்ணுவர். நிறைந்த தொட்டியைக் காட்டிலும் காலித் தொட்டியே பயங்கரமானது. நிறைந்ததில் காற்றுக்கு இடமில்லை; காலியானதிலோ ஆவியும் காற்றும் கலந்து வெடிமருந்தாய் நிற்கும். இரண்டொரு முறை நீர் ஊற்றிக் கழுவுவதால் அது நீங்கிவிடாது. துருவேறிய தொட்டியை மாற்றுவதே தக்கது.

ஊர் வழக்கத்திலுள்ள சில வைத்தியங்களையும் ஆராய்தல் வேண்டும். குளிக்கும் சோப்பைப் பிசைந்து கசியும் இடத்தில் அப்புவது அவற்றுள் ஒன்று. இது முழுவதும் மூடத்தனம் அன்று. சோப்பு பெட்ரோலில் கரையாது; ஆதலால் தொட்டியின் சிறு துளையைச் சிறிது நேரம் அடைத்து நிற்கும். பாடாலூருக்கு அருகில் பெருவழிச் சாலையில் நின்றுபோன வண்டி பெரம்பலூர்ப் பட்டறை வரை வந்துசேர இது உதவும். அதற்குமேல் அதனை நம்பலாகாது. மழைநீர் பட்டால் சோப்பு கரைந்துபோம். சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றுவது சோப்பினும் தாழ்ந்தது. அந்த ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிச் சில நாளில் பசையாகிவிடும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சிலர் விரும்புகின்றனர். உள்ளே ஓடுவது தெரிகின்றதே என்பது அவர்கள் வாதம். அது விரைவில் இறுகி, இஞ்சினின் சூட்டில் கிளாம்பினடியில் பிளக்கும்.

2000ஆம் வருஷத்தையொட்டி வந்த, கார்புரேட்டர் இல்லாத வண்டிகளில் பம்பு தொட்டிக்குள்ளேயே மின்சாரத்தால் இயங்குவது. அவற்றில் குழாய் முழுவதும் தள்ளும் பக்கமே. அழுத்தமும் பத்து மடங்குக்கு மேல். இஞ்சின் நின்ற பின்னும் அழுத்தம் குழாயில் தங்கியிருக்குமாதலால் இணைப்பைக் கழற்றியவுடன் பெட்ரோல் முகத்தில் பீச்சியடிக்கும். இவ்வேலை தேர்ந்த மெக்கானிக்குக்கே உரியது. டீசல் ஜீப்பிலும் டிராக்டரிலும் உறிஞ்சும் பக்கத்துக் கசிவு மேற்சொன்னவாறே காற்றை இழுக்கும். சரிசெய்தபின் கைப்பம்பால் காற்றை வெளியேற்றினாலன்றி இஞ்சின் கிளம்பாது. ஆனால் அவற்றின் இஞ்செக்டர்க் குழாயில் கசிவிருப்பதாகத் தோன்றினால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அங்கே பீச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். ஓர் அட்டையை எட்ட நீட்டிப் பிடித்தால் அது நனைந்து இடத்தைக் காட்டும்.

வேலை முடிந்ததும், சிந்திய பெட்ரோல் முழுவதும் உலரும்வரை காத்திருந்து, பின்னர் பூமிக் கம்பியை மாட்டவேண்டும். இஞ்சினை இரண்டு மூன்று நிமிஷம் நின்றபடியே ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் டார்ச் வெளிச்சத்தில் பார்க்க. ரப்பர் புதிதில் சற்றே படியுமாதலால், ஒரு வாரம் ஓடியபின் கிளாம்புகளை மற்றொரு முறை இறுக்கிப் பார்த்தல் நலம். குழாய் மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால், ஐந்து வருஷம் கழித்து அடுத்த மாற்றத்துக்கு நினைவூட்டும். வண்டி இனி இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கப்போவதாயின் அதற்கு முன்னர் பழைய பெட்ரோலைப் பெரும்பாலும் ஓட்டித் தீர்த்துவிட்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெளியே தள்ளி, சிறிது நேரம் இஞ்சினை ஓடவிட்டு நிறுத்துக.